பிறை, கிரகணம், பருவகாலம்: கோணம் செய்யும் வேலை

கேட்கப்பட்ட கேள்வியில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. நிலவு தேய்வதும் வளர்வதும் பூமியின் நிழல் அதன்மேல் விழுவதால்தான் என்றால், கிரகணம் என்பது வேறென்ன என்பது முதலாவது. சூரியனைப் பூமி நெருங்கும்போது கோடை வருகிறது என்றால், மிக அருகில் இருக்கும் ஜனவரியில் வட அரைக்கோளம் குளிரில் இருப்பது எப்படி என்பது இரண்டாவது. கோள்கள் சில காலம் பின்னோக்கி நகர்வதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா என்பது மூன்றாவது.

பிறைக்கு நிழல் காரணமில்லை, பருவங்களுக்குத் தூரம் காரணமில்லை, கோள்கள் உண்மையில் பின்னோக்கி நகர்வதும் இல்லை. ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறது, நாம் எந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறோம் என்ற இரண்டைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டால் மூன்று பகுதிகளுக்கும் விடை கிடைத்துவிடும். ஆனால் விடையை மட்டும் மனப்பாடம் செய்வதால் பயனில்லை. தவறான விளக்கம் ஏன் நிற்காது என்பதும் தெரிய வேண்டும். அது தெரியாதவரை பழைய எண்ணம் மீண்டும் மீண்டும் தலைதூக்கிக்கொண்டே இருக்கும்.

இந்தக் குழப்பத்துக்குப் படிப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சூரியன், பூமி, நிலவு மூன்றையும் ஒரே பக்கத்தில் அடக்க வேண்டும் என்பதற்காக வரையப்படும் படங்களே முக்கியக் காரணம் என்பது என் கருத்து. அவற்றில் நிலவு பூமிக்கு விரற்கடை தூரத்தில் நிற்கும். பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டம் என்று காட்டுவதற்காக முட்டையைப் போல இழுத்து வரையப்பட்டிருக்கும். உண்மையான அளவுகளை வைத்துப் பார்த்தால் காட்சியே மாறிவிடும். பூமியின் விட்டம் சுமார் 12,740 கி.மீ. அதை 1 செ.மீ. விட்டமுள்ள ஓர் உருண்டையாகச் சுருக்கினால், நிலவு 2.7 மி.மீ. அளவுள்ள சிறு மணியாகும். அது 30 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். சூரியனோ 1.1 மீட்டர் விட்டமுள்ள பெரிய உருண்டையாகி, 117 மீட்டர் தொலைவில் நிற்கும். கடைசிக் கோளான நெப்டியூனை வைக்க மூன்றரை கி.மீ. நடக்க வேண்டும். இந்த அளவுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிரகணத்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

முதலில் பிறைகள். நிலவுக்குச் சொந்த ஒளி இல்லை. சூரியனை நோக்கியிருக்கும் அதன் ஒரு பாதி எப்போதும் வெளிச்சத்தில் இருக்கிறது, மறுபாதி எப்போதும் இருளில் இருக்கிறது. பூமிக்குப் பகலும் இரவும் இருப்பதைப் போலவே நிலவுக்கும் உண்டு. வெளிச்சமான அந்தப் பாதியில் எவ்வளவு பகுதி நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் நாள்தோறும் மாறுகிறது. சூரியனும் நிலவும் வானத்தில் ஒரே திசையில் இருக்கும்போது ஒளிபெற்ற பாதி முழுவதும் நமக்கு மறுபுறம் இருப்பதால் அமாவாசை. சூரியனிலிருந்து நிலவு 90 டிகிரி விலகியிருக்கும்போது பாதி நிலவு தெரியும். நேர் எதிரே 180 டிகிரியில் இருக்கும்போது ஒளிபெற்ற பாதி முழுவதும் நம்மை நோக்கியிருப்பதால் பௌர்ணமி.

இதில் பூமியின் நிழலுக்கு எந்த வேலையும் இல்லை என்பதை எந்தக் கருவியும் இன்றி, வானத்தைப் பார்த்தே உறுதி செய்துகொள்ளலாம். பூமியின் நிழல் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையிலேயே விழும். சூரியன் மேற்கே மறைந்துகொண்டிருந்தால் நிழல் கிழக்கே நீண்டிருக்கும். ஆனால் அமாவாசை கழிந்து தென்படும் மூன்றாம் பிறை, சூரியன் மறைந்த சிறிது நேரத்துக்குள் அதே மேற்குத் திசையில்தான் தெரிகிறது. கிழக்கே போகும் நிழல் மேற்கே இருக்கும் பிறையின்மேல் விழ வழியே இல்லை. வளர்பிறையின் பாதி நிலவோ நண்பகலையொட்டி உதித்து நள்ளிரவையொட்டி மறைவது. பிற்பகலில் அண்ணாந்து பார்த்தால் சூரியன் ஒரு பக்கமும் பாதி நிலவு இன்னொரு பக்கமுமாக, இரண்டும் ஒரே நேரத்தில் தொடுவானத்துக்கு மேலே இருக்கும். அந்த நேரத்தில் நிலவின் ஒளிவிளிம்பு சூரியன் இருக்கும் பக்கத்தையே நோக்கியிருப்பதைக் கவனியுங்கள். எந்தப் பிறையிலும் இது மாறாது.

வடிவத்திலும் ஒரு சான்று உண்டு. பிறையின் இரண்டு கூரிய முனைகளையும் ஒரு கோட்டால் இணைத்தால், பிறை எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அந்தக் கோடு நிலவின் மையத்தின் வழியே செல்லும். அதாவது முனைகள் இரண்டும் ஒரு விட்டத்தின் இரு நுனிகள். ஒளியையும் இருளையும் பிரிக்கும் வட்டத்தைச் சாய்வாகப் பார்ப்பதால் கிடைக்கும் வடிவம் இது. சந்திர கிரகணத்தின்போது நிலவைக் கடிக்கும் இருளின் விளிம்பு அப்படி இருக்காது. அது நிலவைவிடப் பெரிய ஒரு வட்டத்தின் வில்லாகத் தெரியும். முனைகள் விட்டத்தின் நுனிகளில் நில்லாமல் நிலவின் விளிம்பில் இடம் மாறிக்கொண்டே போகும். கிரகணங்களில் எப்போதும் வட்டமாகவே விழும் இந்த நிழலைக் கண்டுதான், பூமி உருண்டை என்று கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் வாதிட்டார்.

இருட்டறையில் ஒரே ஒரு விளக்கைத் தலையின் உயரத்தில் ஏற்றி வைத்து, ஒரு வெள்ளைப் பந்தைக் குச்சியில் குத்திக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே இடப்பக்கமாக மெதுவாகத் திரும்பிப் பார்க்கும்படி எல்லோருக்கும் சொல்வேன். விளக்கு சூரியன், பந்து நிலவு, உங்கள் தலை பூமி. விளக்கின் பக்கம் பந்து இருக்கையில் அதன் இருண்ட முகம் தெரியும்; கால் சுற்றுத் திரும்பியதும் பாதி ஒளிரும்; விளக்குக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது முழுவதும் ஒளிரும். கடைசி நிலையில் மட்டும் ஒரு சிக்கல் வரும்: உங்கள் தலையின் நிழல் பந்தின்மேல் விழுந்து அதை மறைத்துவிடும். கையைச் சற்று உயர்த்தினால் நிழல் கீழே நழுவிப் பந்து முழுமையாக ஒளிரும். ஒவ்வொரு பௌர்ணமியிலும் கிரகணம் வராததன் காரணம் அந்தச் சிறிய உயர்த்தலில் இருக்கிறது.

பூமி சூரியனைச் சுற்றும் தளமும் நிலவு பூமியைச் சுற்றும் தளமும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே சுமார் 5 டிகிரி சாய்வு இருக்கிறது. 5 டிகிரி என்பது தாளில் வரையும்போது அற்பமாகத் தோன்றும். மேலே சொன்ன சிறிய அளவுகளை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். 1 செ.மீ. பூமியிலிருந்து 30 செ.மீ. தள்ளியிருக்கும் நிலவு, இந்தச் சாய்வால் தளத்துக்கு மேலேயோ கீழேயோ 2.7 செ.மீ. வரை விலகிச் செல்கிறது. அந்தத் தூரத்தில் பூமியின் கருநிழலின், அதாவது நிழலின் முழு இருளான நடுப்பகுதியின், அகலமோ வெறும் 7 மி.மீ. உண்மை அளவில் சொன்னால், சுமார் 9,200 கி.மீ. அகலமுள்ள நிழலைத் தேடி வரும் நிலவு, அதற்கு மேலேயோ கீழேயோ 34,000 கி.மீ.க்கும் அதிகமாக விலகிப் போகக்கூடும். ஆகவே நிழலுக்குள் நுழைவதுதான் அரிது, தப்பிச் செல்வது வழக்கம். நிலவு பூமியைத் தொட்டுக்கொண்டிருப்பதைப் போல வரைந்த படத்தில் இது ஒருபோதும் விளங்காது.

இரண்டு தளங்களும் ஒன்றையொன்று வெட்டும் கோட்டின் முனைகளாக நிலவின் பாதையில் இரண்டு புள்ளிகள் உண்டு. பழைய வானியல் கணக்குகளில் ராகு, கேது என்று பெயர்பெற்றவை இவைதான். அமாவாசையோ பௌர்ணமியோ நிகழும் நேரத்தில் நிலவு இந்தப் புள்ளிகளில் ஒன்றை ஒட்டி இருந்தால் மட்டுமே கிரகணம் ஏற்படும். சூரியன் இந்தப் புள்ளிகளின் திசைக்கு வருவது ஏறத்தாழ 173 நாட்களுக்கு ஒருமுறை என்பதால், கிரகணங்கள் ஆண்டு முழுவதும் சிதறிக் கிடக்காமல் ஆறு மாதத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் இரண்டு மூன்றாகச் சேர்ந்து வருகின்றன. புள்ளிகள் நிலையானவையும் அல்ல. அவை மெல்ல மேற்கு நோக்கி நகர்ந்து 18.6 ஆண்டுகளில் வானத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடுகின்றன. கிரகணக் காலம் ஆண்டுதோறும் நாட்காட்டியில் முன்தள்ளிக்கொண்டே போவது இதனால்தான்.

சூரிய கிரகணத்தில் வேறொரு வியப்பு இருக்கிறது. சூரியனின் விட்டம் நிலவின் விட்டத்தைப் போல ஏறத்தாழ 400 மடங்கு. அது நிலவைவிட ஏறத்தாழ 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. ஆகவே இரண்டும் வானத்தில் சுமார் அரை டிகிரி அகலத்தில், கிட்டத்தட்ட ஒரே அளவாகத் தெரிகின்றன. இதற்கு எந்த இயற்பியல் கட்டாயமும் கிடையாது. தற்செயல்தான், ஆனால் நமக்குக் கிடைத்த பெரும் பேறு. நிலவின் தூரம் சுமார் 3,56,500 கி.மீ.யிலிருந்து 4,06,700 கி.மீ. வரை மாறுவதால், அருகில் இருக்கும்போது அது சூரியனை முழுவதும் மறைத்து முழு கிரகணத்தையும், தொலைவில் இருக்கும்போது விளிம்பை மட்டும் விட்டுவிட்டு வளைய கிரகணத்தையும் உண்டாக்குகிறது. முழு கிரகணம் ஓரிடத்தில் ஏழரை நிமிடத்துக்கு மேல் நீடிப்பதில்லை. சந்திர கிரகணத்திலோ முழுமை ஒன்றரை மணி நேரத்தையும் தாண்டக்கூடும். அப்போது நிலவு கன்னங்கரேலென்று மறையாமல் செம்பு நிறத்தில் தெரிவதற்குக் காரணம், பூமியின் வளிமண்டலத்தின் ஓரத்தில் வளைந்து செல்லும் சூரிய ஒளியில் நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மட்டும் எஞ்சி அதன்மேல் விழுவது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நிலவு பூமியை ஒருமுறை சுற்ற 27.3 நாட்கள் ஆகின்றன. ஆனால் ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு 29.5 நாட்கள். அந்தச் சுற்று முடிவதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றி ஏறக்குறைய 27 டிகிரி நகர்ந்துவிடுவதால், சூரியனுக்கு எதிரே மீண்டும் வந்து சேர நிலவுக்கு இரண்டு நாட்களுக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவும் நிலவுக்கு அதே 27.3 நாட்கள் ஆவதால்தான் அது ஒரே முகத்தை நமக்குக் காட்டுகிறது. மறுபக்கத்தை 1959-இல் லூனா 3 விண்கலம் படமெடுத்து அனுப்பும்வரை மனிதர் எவரும் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்தை இருண்ட பக்கம் என்று அழைப்பது தவறு. அமாவாசையன்று அங்கேதான் பட்டப்பகல்.

இனி பருவகாலங்களுக்கு வருவோம். பூமியின் பாதை நீள்வட்டம் என்பது உண்மைதான். ஆனால் அதன் நீண்ட விட்டம் 10 செ.மீ. வருமாறு தாளில் வரைந்தால், குறுகிய விட்டம் அதைவிட 0.014 மி.மீ. மட்டுமே சிறியதாக இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. கண்ணுக்கு அது முழு வட்டம். சூரியன் அதன் நடுவில் இல்லாமல் 0.8 மி.மீ. தள்ளி இருக்கும், அவ்வளவுதான். அதனால் ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் 14.7 கோடி கி.மீ. தொலைவிலும், ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி கி.மீ. தொலைவிலும் இருக்கிறது. இந்த வேறுபாட்டால் பூமிக்கு வரும் ஒளி சுமார் 7 விழுக்காடு மாறுகிறது. ஆனால் இந்த மாற்றம் பூமி முழுவதற்கும் ஒரே நேரத்தில் நிகழ்கிறது. தூரமே காரணமாக இருந்தால் இரண்டு அரைக்கோளங்களிலும் கோடை ஒன்றாகவே வர வேண்டும். வடக்கே கோடையாக இருக்கும்போது தெற்கே குளிர்காலம் என்ற ஒரே உண்மை அந்த விளக்கத்தைத் தகர்த்துவிடுகிறது.

உண்மைக் காரணம் பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பது. அந்த அச்சு ஆண்டு முழுவதும் ஒரே திசையையே காட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அச்சு முன்னும் பின்னும் ஆடுவதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். (மிக மெதுவான ஒரு சுழற்சி உண்டு; அது முடிய சுமார் 26,000 ஆண்டுகள் ஆகும் என்பதால் இங்கே கணக்கில் வராது.) திசை மாறாத அச்சோடு பூமி சூரியனைச் சுற்றி வருவதால், ஜூனில் வட முனை சூரியன் பக்கமும் டிசம்பரில் தென் முனை சூரியன் பக்கமும் சாய்ந்திருக்கின்றன.

சாய்வு இரண்டு வழிகளில் வேலை செய்கிறது. 50 டிகிரி வட அட்சரேகையில் உள்ள ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம். ஜூன் 21-ஐ ஒட்டி நண்பகல் சூரியன் அங்கே 63 டிகிரி உயரத்தில் நிற்கும்; டிசம்பர் 21-ஐ ஒட்டி 17 டிகிரிக்கும் சற்றுக் குறைவான உயரத்தில் தாழ்ந்து நிற்கும். தாழ்ந்து வரும் ஒளிக்கற்றை தரையில் நீண்டு பரவுவதால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு நண்பகலில் கிடைக்கும் ஒளி ஜூனில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அதோடு ஜூனில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீடிக்க, டிசம்பரில் ஏறத்தாழ 8 மணி நேரத்தில் முடிந்துவிடும். மூன்று மடங்கு வலிமையான ஒளி இரண்டு மடங்கு நேரம் விழுகிறது. இதன் முன்னே தூரத்தால் வரும் 7 விழுக்காடு எம்மாத்திரம்? நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இந்த வேறுபாடு குறைகிறது. 23.4 டிகிரிக்குள் இருக்கும் இடங்களில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வருகிறது. அங்கே பருவங்களை வெப்பத்தைவிடக் காற்றும் மழையுமே அதிகம் தீர்மானிக்கின்றன.

தூரத்துக்கு எந்த விளைவும் இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. தொலைவில் இருக்கும் ஜூலையில் பூமி விநாடிக்கு 29.3 கி.மீ. வேகத்தில் செல்கிறது, அருகில் இருக்கும் ஜனவரியில் 30.3 கி.மீ. கோள்கள் சூரியனை நெருங்கும்போது விரைவதை 1609-இல் கெப்ளர் விதியாகவே வெளியிட்டார். இதனால் மார்ச் மாதச் சமபகல் நாளிலிருந்து செப்டம்பர் மாதச் சமபகல் நாள்வரை சுமார் 186 நாட்களும், மீதிப் பாதிக்குச் சுமார் 179 நாட்களும் ஆகின்றன. வடக்கே வெப்பமான பாதி ஆண்டு ஒரு வாரம் கூடுதலாக நீள்வது இந்த நீள்வட்டத்தின் விளைவு.

செவ்வாயில் தூரமும் ஒரு பெரிய காரணியாகிவிடுகிறது. அதன் அச்சுச் சாய்வு 25 டிகிரி, பூமியைப் போன்றதுதான். ஆனால் பாதை பூமியின் பாதையைவிட மிகவும் நீண்டு, சூரியனுடனான தூரம் சுமார் 20.7 கோடி கி.மீ.யிலிருந்து 24.9 கோடி கி.மீ. வரை மாறுகிறது. ஒளியில் வரும் வேறுபாடு 45 விழுக்காட்டை ஒட்டியது. அருகில் வரும் காலமும் தென் அரைக்கோளத்தின் கோடையும் ஒன்றாக அமைவதால், அங்கே தெற்கத்திய கோடை குறுகியதாகவும் கடுமையாகவும் இருக்கிறது. வியாழனுக்கு 3 டிகிரி சாய்வுதான், பருவம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. யுரேனஸ் 98 டிகிரி சாய்ந்து படுத்துக்கிடப்பதால், 84 ஆண்டுகள் கொண்ட அதன் ஒரு சுற்றில் ஒவ்வொரு முனையும் ஏறத்தாழ 42 ஆண்டுகள் தொடர்ந்து வெளிச்சத்திலும் 42 ஆண்டுகள் தொடர்ந்து இருளிலும் கழிக்கிறது.

கோள்களின் பின்னகர்வும் பார்வைக் கோணத்தின் விளைவே. செவ்வாய் பொதுவாக நட்சத்திரங்களின் பின்னணியில் நாளுக்கு நாள் மேற்கிலிருந்து கிழக்காக நகரும். ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை அது தயங்கி நின்று, இரண்டு மாதத்துக்கு மேல் மேற்கு நோக்கித் திரும்பிச் சென்று, பின்னர் பழைய திசையைப் பிடிக்கும். உள்வட்டத்தில் விநாடிக்கு 29.8 கி.மீ. வேகத்தில் செல்லும் பூமி, வெளிவட்டத்தில் 24.1 கி.மீ. வேகத்தில் செல்லும் செவ்வாயை முந்திச் செல்லும் காலம் அது. நாம் கடந்து போகும்போது செவ்வாயைப் பார்க்கும் கோடு பின்பக்கமாகத் திரும்புகிறதே தவிர, செவ்வாய் தன் பாதையில் ஒரு கணமும் நிற்பதில்லை. வியாழனையும் சனியையும் பூமி ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை முந்துவதால் அவற்றின் பின்னகர்வும் ஆண்டுதோறும் வருகிறது, நான்கு மாத அளவுக்கு நீடிக்கிறது. பூமியை நடுவில் நிறுத்திய தாலமி, கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் இதை விளக்க வட்டத்தின்மேல் வட்டம் அமைத்துக் கணக்கிட வேண்டியிருந்தது. 1543-இல் கோப்பர்நிக்கஸ் சூரியனை நடுவில் வைத்தபோது, பின்னகர்வு எந்தக் கூடுதல் ஏற்பாடும் இன்றித் தானாகவே விளங்கியது.

ஆனால் எளிமையாக விளங்குவது வேறு, மெய்ப்பிப்பது வேறு. முக்கியமான ஒரு சான்று 1610-இன் இறுதியில் கலிலியோ தொலைநோக்கியில் கண்ட வெள்ளியின் பிறைகளிலிருந்து வந்தது. பூமியை மையமாக வைத்த பழைய அமைப்பில் வெள்ளி எப்போதும் நமக்கும் சூரியனுக்கும் இடையிலேயே சுற்றுவதால், அதன் ஒளிபெற்ற முகம் ஒருபோதும் பாதிக்கு மேல் நம் பக்கம் திரும்ப முடியாது. கலிலியோவோ ஏறக்குறைய முழு வட்டமாகவும், பிறகு பாதியாகவும், பிறகு மெல்லிய பிறையாகவும் அதைக் கண்டார். முழு வட்டமாகத் தெரிய வேண்டுமானால் வெள்ளி சூரியனுக்கு அப்பால் செல்ல வேண்டும். ஆகவே அது சூரியனைத்தான் சுற்றுகிறது. அளவும் இதற்கு ஒத்துப்போகிறது: அப்பால் 26 கோடி கி.மீ. தொலைவில் இருக்கும்போது சிறு வட்டமாகத் தெரியும் வெள்ளி, பிறையாகி 4 கோடி கி.மீ. அருகே வரும்போது ஆறு மடங்கு அகன்று தெரிகிறது. சிறிய தொலைநோக்கி ஒன்று இருந்தால் சில மாதங்கள் தொடர்ந்து பார்த்து இந்த மாற்றம் முழுவதையும் நீங்களே வரைந்து வைக்கலாம். சூரியன் முற்றிலும் மறைந்த பிறகு மட்டுமே கருவியை அந்தத் திசையில் திருப்புங்கள், ஏனெனில் தொலைநோக்கி வழியே சூரியனை ஒரு கணம் பார்த்தாலும் கண் நிரந்தரமாகப் பாழாகிவிடும்.